பிரசங்க மேடைக்கு வெளியே

மென்னோனைட் பெண்கள் என்றதும் நம் வாசகர்களுக்கு இரண்டு காட்சிகளில் ஒன்று நினைவுக்கு வரலாம். ஒன்று, சுற்றுலாப் பத்திரிகைகளில் வரும் படம்: வெள்ளைத் தலைமூடி, கணுக்கால் வரை இறங்கிய உடுப்பு, பக்கத்தில் குதிரை வண்டி. மற்றது, 2022இல் வெளியான ‘விமன் டாக்கிங்’ திரைப்படத்தில் வைக்கோல் பரணில் கூடிப் பேசும் பெண்கள். முதல் காட்சியைக் கண்டவர்கள் என்ன அமைதியான வாழ்க்கை என்று மெச்சுகிறார்கள். இரண்டாவதைக் கண்டவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். மெச்சினாலும் இரங்கினாலும், அந்தப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நாம் காது கொடுத்ததில்லை. கொடுத்தால் ஒன்று தெரியவரும். ஐந்நூறு ஆண்டு வயதான இந்தச் சபையில் பெண்களுக்குப் பிரசங்க மேடை கிடைத்தது மிக அண்மையில்தான். ஆனால் அதன் விசுவாசத்தைத் தாயிடமிருந்து மகளுக்கும், அக்காவிடமிருந்து தங்கைக்கும், அண்டை வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் கொண்டுசேர்த்த வேலை வெகுகாலமாகவே அந்த மேடைக்கு வெளியே நடந்துவருகிறது.

முதலில் இவர்கள் யார் என்பதில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சிறு குழு, விவரம் தெரிந்த வயதில் மனமறிந்து பெறும் ஞானஸ்நானமே செல்லும் என்று சொல்லி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர், சீர்திருத்தக்காரர் ஆகிய இரு தரப்பு அரசுகளும் அவர்களை வேட்டையாடின. நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536இல் தம் பதவியை விட்டு இவர்களோடு சேர்ந்தார்; சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டினார்; அவர் பெயரே சபைக்கு நிலைத்தது. ஆமிஷ் மக்கள் 1693இல் இதிலிருந்து பிரிந்துபோன கிளை. ஆகவே ஆமிஷும் மென்னோனைட்டும் உறவினர்கள்; ஒருவரே அல்லர். மென்னோனைட்டுகளுக்குள்ளேயே குதிரை வண்டியை விடாதவர்களும் உண்டு, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களும் உண்டு. உலகெங்கும் ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் சுமார் 21 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். தெலங்கானாவின் மகபூப்நகரில் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போகும் ஓர் அம்மாவும் மென்னோனைட் பெண்தான். குதிரை வண்டிப் படத்தை வைத்து இவர்கள் எல்லோரையும் அளந்துவிட முடியாது.

இவர்களைத் தனித்துக் காட்டுவது உடுப்பைவிட நம்பிக்கைதான். ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப்பிரமாணம் செய்வதில்லை என்பவை வெளியே தெரிந்த விதிகள். அவற்றின் அடியில் இருப்பது, கிறிஸ்துவை அறிவது என்றால் அன்றாட வாழ்க்கையில் அவர் வழியே நடப்பது என்ற பிடிவாதமான எண்ணம். கோட்பாட்டைச் சரியாக ஒப்புவித்தால் போதாது. எப்படிச் சாப்பிடுகிறாய், எதிரியிடம் எப்படி நடந்துகொள்கிறாய், பக்கத்து வீட்டுக் களஞ்சியம் எரிந்தால் எங்கே நிற்கிறாய் என்பதில்தான் விசுவாசம் தெரியும் என்பார்கள். இதை ஒப்புக்கொண்டால் அதன் விளைவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றாடமே விசுவாசத்தின் களம் என்றால், அந்த அன்றாடத்தை நாள் முழுக்க நடத்துகிற பெண்கள் அதைப் பற்றிப் பேசும் பேச்சு வீட்டு விவகாரம் மட்டும் ஆகாது. அது இறையியலும் ஆகும். சபையின் ஆண்கள் இந்த விளைவை ஏற்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். பழைய ஒழுங்கைப் பின்பற்றும் சபைகளில் இன்றும் பாட்டுப்புத்தகங்களில் ஒன்றுக்குள் துண்டுச்சீட்டை வைத்து, ஆண்களுக்குள் சீட்டு விழுந்தவரையே ஊழியராக்குகிறார்கள். அந்தச் சீட்டு ஒரு பெண்ணின் கைக்கு வர வழியில்லை.

தொடக்ககாலம் சற்று வேறாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டவர்களின் கதைகளைத் தொகுத்து 1660இல் டச்சு மொழியில் ‘மார்ட்டர்ஸ் மிரர்’ என்ற பெரும் நூல் வந்தது. அதில் பெயர் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். எலிசபெத் டிர்க்ஸ் என்பவர் 1549இல் லேவார்டன் நகரில் பிடிபட்டபோது அவரிடம் லத்தீன் புதிய ஏற்பாடு இருந்தது. யார் யாருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். ஒரு பெயரையும் சொல்லாமல், நீரில் மூழ்கடிக்கப்பட்டு இறந்தார். அதிகாரிகளே அவரை ஆசிரியர் என்றுதான் குறிப்பிட்டார்கள். 1573இல் ஆண்ட்வெர்ப் சிறையில் இருந்த யானெகென் முன்ஸ்ட்டோர்ப்பின் கதை இன்னும் நெருக்கமானது. கணவரை ஏற்கெனவே எரித்துவிட்டார்கள். குழந்தை சிறையிலேயே பிறந்தது. தன்னைக் கொல்லும் நாளுக்குக் காத்திருந்த அந்தத் தாய், தன் பெயரையே கொண்ட ஒரு மாதக் கைக்குழந்தைக்குக் கடிதம் எழுதினார். உன்னை வளர்ப்பவர்களின் சொல் கேள், உன் பெற்றோர் எந்தத் தீங்கும் செய்து சாகவில்லை, எங்களை நினைத்து வெட்கப்படாதே என்பது அதன் சாரம். எழுத்தறியாத சிசுவுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிற தாய்மார்கள் தங்கள் பெண்களுக்குப் படித்துக்காட்டி வந்திருக்கிறார்கள். சபையின் வரலாற்றில் எந்தப் பிரசங்கத்துக்கும் இதைவிட நீண்ட ஆயுள் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

துன்புறுத்தல் ஓய்ந்து பண்ணைகளில் நிலைகொண்ட பிறகு, பெண்களின் குரல் சபைப் பதிவேடுகளிலிருந்து மெல்ல மறைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்காவில் அது தையல் வட்டங்களாகத் திரும்பி வந்தது. அந்த அறைக்குள் சற்று நின்று பார்க்கலாம். நான்கு மரச்சட்டங்களை இணைத்து, அதில் அடித்துணி, நடுவே பஞ்சு, மேலே ஒட்டுத்துணிகளால் ஆன முகப்பு என மூன்றடுக்கையும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நாற்காலிகள். கிழவிகள் நல்ல வெளிச்சம் வரும் பக்கம். சிறுமிகளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் வேலை. விற்பனைக்குப் போகும் அலங்காரப் போர்வை என்றால் நுண்ணிய தையல். அகதிகளுக்குப் போகும் போர்வை என்றால் அவ்வளவு நேரம் கிடையாது. தடித்த நூலைக் கீழே இறக்கி மேலே வாங்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். ஓரம் முடிந்ததும் சட்டத்தோடு சேர்த்துச் சுருட்டுகிறார்கள். சுருட்டச் சுருட்ட எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நெருங்கி வருகிறார்கள். எல்லோர் கண்ணும் ஊசியில் இருப்பதால், முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்வது எளிது. கருச்சிதைவு, கடன், மகன் சபையை விட்டுப் போனது, கணவனின் கோபம் எல்லாம் இந்தச் சட்டத்தின் மேல்தான் முதலில் வெளிவரும். இடையே ஒருவர் ஜெபிப்பார், ஒருவர் வேதம் வாசிப்பார், மிஷனிலிருந்து வந்த கடிதத்தை இன்னொருவர் படிப்பார். சத்தீஸ்கரின் தம்தரி, சாம்பா ஆகிய ஊர்களில் 1900ஐ ஒட்டி மிஷன் தொடங்கிய காலம் முதல், இப்படித் தைத்த துணிகளுக்கும் சுருட்டிய காயக்கட்டுகளுக்கும் இந்தியா ஒரு முகவரியாக இருந்தது.

இந்த வட்டங்களின் பலத்தைச் சபைத் தலைமை கவனிக்காமல் இல்லை. ஒஹையோவைச் சேர்ந்த கிளாரா எபி ஸ்டைனர், 1910களின் நடுவில் சிதறிக்கிடந்த வட்டங்களை ஒரே பெண்கள் மிஷன் சங்கமாக இணைத்தார். பெண்களே நிதி திரட்டினார்கள், எங்கே செலவிடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆண்கள் நடத்திய மிஷன் வாரியம் அந்தச் சங்கத்தைத் தன் கீழ் எடுத்துக்கொண்டு, அதைத் தையல் வட்டக் குழு ஒன்றாகச் சுருக்கியது. தையுங்கள், கொடுங்கள்; தீர்மானிப்பது எங்கள் வேலை என்பதுதான் அதன் பொருள். ஸ்டைனர் 1929இல் இறந்தார். பெண்கள் கூடிப் பேசியதை யாரும் தடுக்கவில்லை, பேச்சிலிருந்து முடிவு பிறந்தபோதுதான் தடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஒரு கொடுமையைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

அதே காலத்தில் கனடாவில் வேறொரு விதமான கூடல் நடந்தது. ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் மூன்றிலும் அடிபட்ட மென்னோனைட்டுகள் சுமார் 20,000 பேர் 1923 முதல் 1930 வரை உக்ரைன் பகுதிகளிலிருந்து கனடாவுக்கு வந்தார்கள். பலருடைய பயணச் செலவைக் கனடியன் பசிபிக் ரயில்வே கடனாகக் கொடுத்திருந்தது. பண்ணை வேலையில் காசு பார்ப்பது கடினம். ஆகவே குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகளை வினிபெக் போன்ற நகரங்களுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பின. மொழி தெரியாது, ஊர் தெரியாது, சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய்விடும். வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் விடுப்பு. அன்று அவர்கள் கூடுவதற்கென்றே சபைகள் பெண்கள் இல்லங்களை நடத்தின. வினிபெக்கின் மேரி-மார்த்தா இல்லத்தை ஆன்னா தீசன் என்ற ஊழியர் பொறுப்பேற்று நடத்தினார். அங்கே வேதபாடம் நடந்தது, பாட்டு நடந்தது, ஊர்ப்பேச்சு நடந்தது. வேலை தேடித் தந்தார்கள். எந்த வீட்டில் ஆண்களின் நடத்தை சரியில்லை, எங்கே வேலைக்குப் போகக்கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேதான் கைமாறியது. சபை இந்த இல்லங்களை நடத்தியது பெண்களைக் கட்டுக்குள் வைக்கவும்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வது சரியே. ஆனால் முழங்கால்படியிட்ட அதே கூடத்தில் ஓர் இளம்பெண் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலையும் பெற்றாள். அந்தப் பயணக் கடன் 1946இல் அடைந்தது. அதில் இந்தப் பெண்களின் பாத்திரம் கழுவிய கூலி எவ்வளவு என்று தனியாக யாரும் கணக்கெழுதியதாகத் தெரியவில்லை.

இனி சமையல் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். சமையல் குறிப்பு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம்தான் இந்தப் பெண்களைப் புரிந்துகொள்ள முடியாமல் செய்கிறது.

மேரி எம்மா ஷோவால்ட்டர், வர்ஜீனியாவில் மென்னோனைட் கல்லூரியில் மனையியல் கற்பித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது எகிப்தின் அகதி முகாமில் பணியாற்றியவர். பாட்டிமார்களின் கையெழுத்துக் குறிப்பேடுகள் அழிந்து வருவதைக் கண்டு, சபைகளுக்கு எழுதிக் கேட்டார். ஏறத்தாழ 5,000 குறிப்புகள் வந்தன. 1,100க்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்து 1950இல் ‘மென்னோனைட் கம்யூனிட்டி குக்புக்’ ஆக்கினார். சிதறிய சமூகத்தின் நினைவை ஒரு பெண் அடுப்பங்கரை வழியாகச் சேர்த்த முயற்சி அது.

அடுத்த புத்தகம் இன்னும் ஆழமாகப் போனது. 1970களின் தொடக்கத்தில் உலக உணவு நெருக்கடி வந்தபோது, 1920இல் ரஷ்யப் பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கப்பட்ட மென்னோனைட் மத்தியக் குழு, தன் குடும்பங்களிடம் உணவையும் செலவையும் பத்து விழுக்காடு குறைத்துக்கொள்ளக் கேட்டது. தீர்மானம் போடுவது சுலபம். நாளைக் காலை அதை அடுப்பில் எப்படி ஏற்றுவது? வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பணிசெய்து திரும்பியிருந்த டோரிஸ் ஜான்சென் லாங்கேக்கர் அந்தக் கேள்வியைப் பெண்களிடமே விட்டார். குறிப்புகளும் அனுபவங்களும் வந்து குவிந்தன. 1976இல் வெளியான ‘மோர் வித் லெஸ் குக்புக்’ லட்சக்கணக்கில் விற்றது. இறைச்சியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது, தானியமும் பயறும் சேர்ந்தால் புரதம் எப்படி நிறைவாகும், விருந்தாளிக்கு ஆடம்பரம் இல்லாமல் எப்படி மனம் நிறையப் பரிமாறுவது என்றெல்லாம் குறிப்புகளுக்கு இடையே பேச்சு ஓடுகிறது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அனுப்பியவரின் பெயரும் ஊரும் உண்டு. இயல்களின் முடிவில் மீந்ததை என்ன செய்யலாம் என்று ஒரு பகுதி வரும். அதற்கு வைத்த தலைப்பு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபின் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்ன சுவிசேஷ வசனத்திலிருந்து எடுத்தது. பழைய சோற்றையும் ரொட்டித் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அந்த வசனத்தை வாசிக்கும்போது, அது விளக்கவுரை இல்லாமலே விளங்கிவிடுகிறது. லாங்கேக்கர் 1979இல் புற்றுநோயால் இறந்தார், வயது 39. வீடு, உடை, பணம் பற்றி அவர் இதே முறையில் தொகுத்துவந்த ‘லிவிங் மோர் வித் லெஸ்’ அடுத்த ஆண்டு வெளியானது. உலகப் பசியின் பொறுப்பைச் சமையலறையில் நிற்கும் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டது என்று இந்தப் புத்தகத்தின்மேல் ஒரு குறை சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பஞ்சம், வாணிகம், ஜெபம் மூன்றையும் ஒரே பக்கத்தில் பேச முடியும் என்று காட்டியது அந்தப் பெண்களின் சாதனை.

அச்சுக்கு வராத பகிர்வும் உண்டு. பழைய ஒழுங்கைச் சேர்ந்த மென்னோனைட், ஆமிஷ் பெண்களிடையே வட்டக் கடிதம் என்றொரு வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வட்டம். தடித்த உறை ஒன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது. உள்ளே பத்துக் கடிதங்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, போன சுற்றில் நீங்கள் எழுதியதை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதி வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் சீட்டுப் பணம் முறை வைத்துச் சுற்றுவதுபோல உறை சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா தங்கைகளின் வட்டம் உண்டு. பள்ளி ஆசிரியைகளின் வட்டம் உண்டு. விதவைகளுக்கும், இரட்டைக் குழந்தைகளின் தாய்களுக்கும், நோயுற்ற குழந்தையை வளர்ப்பவர்களுக்கும் தனித்தனி வட்டங்கள் உண்டு. கடைசி வகை வட்டங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாதவர்கள். இத்தனை குப்பி பீன்ஸ் பதப்படுத்தினேன் என்ற வரியை அடுத்து, குழந்தையைப் புதைத்து ஓராண்டு ஆகிறது என்ற வரி வரும். இரண்டுக்கும் நடுவே பத்தி பிரிக்கக்கூட மாட்டார்கள். தொலைபேசி வைத்துக்கொள்ளாத வீடுகளில், ஒரே விதமான பாரத்தைச் சுமக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பகிர்வு எப்போதும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. பொலிவியாவின் சான்டா குரூஸ் மாநிலத்தில் மனிடோபா என்ற பழைமைவாதக் குடியிருப்பு இருக்கிறது. 2005 முதல் 2009 வரை அங்கே, மாடுகளுக்கான மயக்க மருந்தை இரவில் வீட்டுக்குள் தெளித்து, சிறுமிகள் முதல் முதியவர்கள் வரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சொந்தக் குடியிருப்பின் ஆண்களே பாலியல் வன்கொடுமை செய்தார்கள். காலையில் வலியோடும் இரத்தத்தோடும் எழுந்த பெண்கள் பலர் தமக்கு மட்டும் இது நேர்ந்ததாக நினைத்தார்கள். சொன்னவர்களிடம் அது பேயின் வேலை, பெண்களின் கற்பனை என்றார்கள். அவர்களுக்குத் தாழ்ஜெர்மன் பேச்சுமொழி தவிர வேறு மொழி தெரியாது. போலீசிடம் போக ஸ்பானிஷ் வேண்டும். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. 2009இல் இருவர் கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகுதான் ஆண்களே அவர்களைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். 2011இல் ஏழு பேருக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மருந்து கொடுத்தவருக்குப் பன்னிரண்டு ஆண்டு.

மென்னோனைட் ஊரில் பிறந்து வளர்ந்த கனடா எழுத்தாளர் மிரியம் டேவ்ஸ் இதை வைத்து 2018இல் நாவல் எழுதினார். சாரா பாலி அதைத்தான் ‘விமன் டாக்கிங்’ படமாக்கினார். அதில் பெண்கள் பரணில் கூடி, மன்னிப்பதா, எதிர்ப்பதா, வெளியேறுவதா என்று வாதிடும் கூட்டம் நாவலாசிரியரின் கற்பனை. வன்கொடுமை நடந்தது, அந்தக் கூட்டம் நடக்கவில்லை. படம் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். நடந்திருக்க வேண்டிய பேச்சைத்தான் டேவ்ஸ் எழுதினார். மன்னிப்பை முதன்மையாகப் போதிக்கும் ஒரு சபையில், யார் யாரை எப்போது மன்னிக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்களே பேசித் தீர்மானிக்க இடமில்லாவிட்டால், அந்தப் போதனை குற்றவாளிக்குக் கவசமாகிவிடும். கிளாரா ஸ்டைனரின் சங்கத்துக்கு நேர்ந்ததும் இதுவும் ஒரே அளவிலான விஷயங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வேர் ஒன்றுதான்: பெண்கள் பேசலாம், அந்தப் பேச்சு எதையும் மாற்றக்கூடாது.

மாற்றம் வராமல் இல்லை. 1911 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஆன் அல்லபாக் ஊழிய அபிஷேகம் பெற்றார்; அதே ஆண்டு நெதர்லாந்தில் அன்னி செர்னிக்கே போதகரானார். ஆனாலும் அமெரிக்காவின் மிகப் பெரிய மென்னோனைட் கிளையில் எம்மா ரிச்சர்ட்ஸ் அபிஷேகம் பெற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரோலின் ஹெகன் என்ற உளவியலாளர் கிறிஸ்தவ வீடுகளிலும் சபைகளிலும் நடக்கும் பாலியல் கொடுமையைப் பற்றி 1993இல் வெளிப்படையாக நூல் எழுதினார். பின்னர் அவரும் ரோடா கீனரும் சேர்ந்து ‘சிஸ்டர் கேர்’ என்ற பயிற்சியை உருவாக்கினார்கள். துயரத்தைக் கேட்பது எப்படி, கேட்டதை வெளியே விடாமல் காப்பது எப்படி, எந்தக் கட்டத்தில் மருத்துவரையோ சட்டத்தையோ நாட வேண்டும் என்று பெண்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. தையல் சட்டத்தைச் சுற்றி இயல்பாக நடந்துவந்த ஒன்றுக்கு, பொலிவியாவில் இல்லாமல்போன அந்தக் கடைசிப் படியையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு அது போயிருக்கிறது.

இந்தியாவில் இதைக் கேட்கத் தயாரான காதுகள் ஏற்கெனவே இருந்தன. ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் சகோதர சபையினர் 1889 முதல் நல்கொண்டாவில் பணிசெய்தார்கள். ஷம்ஷாபாத் உள்ளிட்ட இடங்களில் காதரீனா ஷெல்லன்பர்க் 1907 முதல் 1945இல் இறக்கும்வரை மருத்துவம் பார்த்தார். ஆனால் ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய், பிரசவ வலிக்கும் பசிக்கும் நடுவே உட்கார்ந்து சுவிசேஷம் சொன்னவர்கள் தெலுங்கு வேதாகமப் பெண்கள்தான். மிஷன் அறிக்கைகளில் பலருக்குப் பெயரின் ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. சிலருக்கு அதுவும் இல்லை. 1976 சமையல் புத்தகத்தில் இந்தியப் பருப்பும் குழம்பும் உண்டு. அவை பெரும்பாலும் இங்கே வாழ்ந்து திரும்பிய வட அமெரிக்கப் பெண்களின் பெயரில்தான் இருக்கின்றன. சபையின் பெரும்பான்மை இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கும்போது, அடுத்த தொகுப்புக்கான அழைப்பு மகபூப்நகருக்கும் சாம்பாவுக்கும் போக வேண்டும். குறிப்பின் கீழே அந்தப் பெண்களின் பெயரும் ஊரும், அவர்கள் மொழியிலேயே, முழுதாக அச்சாக வேண்டும்.